கார்வரும் ஃபோர்டும்: சினேகிதமா, தயவா?

பாளையங்கோட்டைக்காரி:
மகள் எட்டாம் வகுப்பு. அடுத்த வாரம் பேச்சுப் போட்டி, தலைப்பு நட்பு. கடலை விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரையும் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டையும் பற்றிப் பேசப் போகிறாளாம். அடிமையாகப் பிறந்த கறுப்பருக்கு அந்த வெள்ளைக்காரக் கோடீஸ்வரர் லிஃப்ட் வைத்துக் கொடுத்தது நிஜமா? அதை நட்பு என்று சொல்லலாமா, இல்லை பெரிய வீட்டுத் தயவுதானா?

சங்கரன்கோவில் செவக்காடு:
நிஜம்தான் தங்கச்சி. நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் காட்டும்போதெல்லாம் கார்வர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பருத்தியே போட்டுப் போட்டு அமெரிக்காவின் தெற்கில் இருக்கிற அலபாமா மாநிலத்து மண் சத்தெல்லாம் போய்க் கிடந்தது. 1896ல் அங்கே கறுப்பர்களுக்கென்று இருந்த டஸ்கீகி கல்லூரிக்கு வந்த கார்வர், கடலையும் தட்டாம்பயறும் மாற்றிப் போடச் சொன்னார். காற்றில் இருக்கிற தழைச்சத்தை அந்த முடிச்சுகள் மண்ணில் சேர்க்கும். விளைந்த கடலையை என்ன செய்வது? 1916ல் 105 வகைப் பக்குவம் எழுதிச் சின்னப் புத்தகமாகக் கொடுத்தார்.

ஃபோர்டும் சம்சாரி மகன், விவசாயக் குடும்பம். சோயாவில் இருந்து கார் பாகம் செய்யப் பார்த்தவர். வயலில் விளைவது ஆலைக்குப் போக வேண்டும் என்ற கிறுக்கு இரண்டு பேருக்குமே இருந்தது. 1937ல் ஃபோர்டின் ஊரான டியர்பார்னில் சந்தித்தார்கள். மறு வருஷமே ஃபோர்டு டஸ்கீகிக்குப் போனார். பள்ளிக்கூடத்தைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த மாநிலம் அது. வயதான காலத்தில் மாடிப்படி ஏற முடியாமல் கார்வர் திணறியதால்தான், அவர் தங்கியிருந்த கட்டடத்தில் ஃபோர்டு லிஃப்ட் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது லிஃப்ட் இல்லை. 1942ல் கார்வர் டியர்பார்ன் போயிருந்தபோது, காட்டுக் கீரைகளை ரொட்டிக்குள் வைத்து இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். நம்மூரில் கடலைக் காட்டில் முளைக்கிற பண்ணைக்கீரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவு காட்டுகிறவர் பணத்தை அனுப்புவார். களைச்செடியைத் தின்ன உடன் உட்கார மாட்டார்.

கோவில்பட்டி கரிசல்:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் பிள்ளை மேடையில் ஃபோர்டை மகான் ஆக்கிவிட வேண்டாம் அக்கா. 1920களில் அவர் பத்திரிகை யூதர்களைப் பற்றி எழுதியதெல்லாம் விஷம். ஆலையில் கறுப்பர்களுக்கு வேலை கொடுத்தார், ஆனால் பெரும்பாலும் வார்ப்படப் பட்டறைச் சூட்டில்தான். அப்புறம், கடலை வெண்ணெயைக் கார்வர் கண்டுபிடித்ததாகச் சொல்வது தப்பு, அது அவருக்கு முன்பே இருந்தது.

சங்கரன்கோவில் செவக்காடு:
தம்பி சொன்னதை மறைக்காமல் சொல்லட்டும். அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் இதை நட்பு என்கிறேன். 1943 ஜனவரியில் கார்வர் இறக்கும்வரை அது அறுந்து போகவில்லை.

பாளையங்கோட்டைக்காரி:
நன்றி அண்ணாச்சி, தம்பிக்கும் நன்றி. மகளுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். லிஃப்டைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, கீரை சாப்பிட்டதில் இருந்து ஆரம்பிக்கப் போகிறாளாம். பண்ணைக்கீரை இங்கே எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாள்.

சங்கரன்கோவில் செவக்காடு:
மழை பெய்து பத்து நாள் கழித்து எந்தக் கடலைக் காட்டு வரப்பிலும் பாருங்கள். பூ வைப்பதற்கு முன்னால் கிள்ள வேண்டும்.