குலுக்கலில் வராத கைலாயம்

பெரிய வீட்டுக் குழு, 22 மே 2025

பெரியப்பா, காலை 6:12
அனைவருக்கும் வணக்கம். கைலாய மானசரோவர் யாத்திரைக்கான கணினிக் குலுக்கல் நேற்று முடிந்தது. என் பெயரும் உங்கள் பெரியம்மாவின் பெயரும் அதில் இல்லை. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு இந்த ஆண்டுதான் மீண்டும் திறந்திருக்கிறார்கள். லிபுலேக் கணவாய் வழியாக 50 பேர் கொண்ட 5 குழுக்கள், நாதுலா கணவாய் வழியாக 10 குழுக்கள் என மொத்தம் 750 பேருக்கே இடம் என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் யாத்திரை ஆண்டின் ஜனவரி 1 அன்று 70 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது விதி. அடுத்த ஜனவரியில் எனக்கு 71. எடுத்துவைத்த பணமும் வாங்கிவைத்த கம்பளிச் சட்டைகளும் அப்படியே இருக்கின்றன. ஆகவே வேறு எந்த மலைக்குப் போகலாம் என்று நீங்கள் எல்லோரும் சொல்ல வேண்டும்.

குடியாத்தம் அத்தை, 6:20
எல்லாம் நல்லதற்கே, பெரியண்ணா.

ஆரணி சித்தப்பா, 6:31
பருவதமலை இருக்கிறதே, அண்ணா. குலுக்கல் கிடையாது. போளூர் போய்த் தென்மாதிமங்கலத்தில் இறங்கினால் அடிவாரம் வந்துவிடும்.

பெரியம்மா, 6:33
அந்த மலையின் பேச்சை இந்தக் குழுவில் எடுக்கக் கூடாது என்று பொங்கலன்றே சொன்னேன்.

குடியாத்தம் அத்தை, 6:35
கடப்பாறை நெட்டு என்னும் செங்குத்துப் பாறை ஏற்றத்தில் அண்ணனை உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் உச்சிக்குப் போய்த் தன் கையாலேயே அபிஷேகம் செய்துவிட்டு வந்தவன் அல்லவா இவன்!

ஆரணி சித்தப்பா, 6:36
அவர்தான் போகச் சொன்னார். முப்பது ஆண்டுகளாக இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா, 6:41
போகச் சொன்னது உண்மைதான், தம்பி. சொன்னால் போய்விடுவதா என்பது வேறு விஷயம்.
என் மனத்தில் இருப்பது ஆதி கைலாசம். உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில், நம் எல்லைக்குள்ளேயே இருப்பதால் பாஸ்போர்ட் வேண்டாம். அங்குள்ள தார்ச்சுலாவில், எல்லைப் பகுதிக்குள் போவதற்கான இன்னர் லைன் பர்மிட் வாங்கினால் போதும். முன்பெல்லாம் நாள் கணக்கில் நடந்து போன இடத்துக்கு இப்போது குஞ்சி வழியாக ஜோலிங்காங் வரை ஜீப்பே போகிறது. அங்கிருந்து மலையை நேரே பார்க்கலாம். பார்வதி சரோவரம் அருகில்தான். நடை குறைவு என்பதால் என் முழங்காலுக்கும் இதுவே ஏற்றது.

ஆரணி சித்தப்பா, 6:44
கைலாயத்துக்கே உடல் எடைக் குறியீடு 25-க்குள் இருக்க வேண்டுமாம். குலுக்கலில் பெயர் வந்திருந்தாலும் டெல்லி மருத்துவப் பரிசோதனையில் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும், அண்ணா.

பெரியப்பா, 6:45
மாசியிலிருந்து நான் இரவில் சோறு தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியாது.

அக்கா, 8:50
இரவுப் பணி முடித்து இப்போதுதான் வந்தேன். பெரியப்பா, ஜீப் உங்கள் முழங்காலுக்குத்தான் உதவும், மூச்சுக்கு உதவாது. தார்ச்சுலா ஏறத்தாழ 900 மீட்டர், குஞ்சி 3,200 மீட்டர். காலையில் கிளம்பி அன்றிரவே குஞ்சியில் படுத்தால் உடம்பு பழகுவதற்கு நேரமே இல்லை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் படுக்கக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஜோலிங்காங் 4,500 மீட்டரை ஒட்டியது. தலைவலியும் வாந்தியும் தொடங்கினால் உடனே கீழே இறக்க வேண்டும். அந்த மலைச் சாலையில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் எப்படி இறக்குவது? நீங்கள் இரத்த அழுத்த மாத்திரை வேறு சாப்பிடுகிறீர்கள்.

பெரியம்மா, 8:52
இதைத்தான் நானும் சொன்னேன்.

பெரியப்பா, 8:53
நீ சொன்னது குளிரைப் பற்றி.

அக்கா, 9:04
துங்கநாத்தை யோசித்துப் பாருங்கள். உத்தராகண்டின் ஐந்து சிவத்தலங்களான பஞ்ச கேதாரங்களில் ஒன்று. சிவாலயங்களிலேயே மிக உயரத்தில், 3,680 மீட்டரில், ஏலகிரியைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான உயரத்தில் இருப்பது. ஏற்றம் தொடங்கும் ஊரான சோப்தாவிலிருந்து 4 கிலோமீட்டருக்குள்தான் ஏற்றம், அதுவும் கல் பாவிய பாதை. காலையில் ஏறித் தரிசனம் முடித்து, மாலைக்குள் இறங்கி, 1,300 மீட்டரில் இருக்கும் உக்கிமட்டில் தூங்கலாம். பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட இரவில் எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் மட்டும் வேண்டாம்.

குடியாத்தம் அத்தை, 9:10
ஆயுத பூஜைக்குப் பிறகு என்றால் நானும் வருவேன். அதற்கு முன்பு கொலுவை விட்டுவிட்டு வர முடியாது.

ஆரணி சித்தப்பா, 9:12
கோயிலுக்கு மேலே சந்திரசிலா உச்சி இருக்கிறது. அது 4,000 மீட்டரை ஒட்டியது. நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

பெரியம்மா, 9:13
தனியாக யாரும் எங்கும் போகப் போவதில்லை.

நான், 9:20
அக்டோபர் முதல் வாரம் என்றால் காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி, அங்கிருந்து ரிஷிகேஷ். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் ஆகஸ்டில்தான் டிக்கெட் எடுக்க முடியும். எத்தனை பேர் என்று அதற்குள் சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா, 9:34
அப்படியானால் ஆகஸ்ட் வரை யோசிக்க அவகாசம் இருக்கிறது. துங்கநாத்தை நான் மறுக்கவில்லை. ஆதி கைலாசத்தைக் கைவிட்டதாகவும் யாரும் எண்ண வேண்டாம். எதுவானாலும் பயிற்சி தேவை என்பதால், வரும் ஞாயிறு முதல் வாரந்தோறும் சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளையும் ஏறப் போகிறேன். சித்திரையில் ஏறிய படத்தைத்தான் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேனே.

ஆரணி சித்தப்பா, 9:36
அந்தப் படத்தில் பின்னால் ரோப் கார் கண்ணாடி தெரிந்தது, அண்ணா.

பெரியப்பா, 9:37
அது இறங்கும்போது எடுத்த படம்.

பெரியம்மா, 9:37
ஏறும்போதும் அதில்தான் ஏறினோம்.

அக்கா, 9:41
ஞாயிறு எனக்கு விடுமுறை. ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். இந்த அக்கினி வெயிலில் ஏழு மணிக்கு மேல் படியில் கால் வைக்க முடியாது. விடியும்போதே அடிவாரத்தில் இருக்க வேண்டும்.

ஆரணி சித்தப்பா, 9:43
நான் காரோடு வருகிறேன். நாலரைக்கு வாசலில் நில்லுங்கள், அண்ணா.

பெரியம்மா, 9:50
இரண்டு பேரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதாக இருந்தால் இட்லி கட்டித் தருகிறேன்.