மறு: மறு: டிரம் லூப்: மடக்கா, சுற்றா, கண்ணியா?

அனைவருக்கும் வணக்கம். இசைப்பதிவு மென்பொருளின் தமிழாக்கக் கோப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'லூப்' (loop) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடுவது மட்டும் இழுத்தடிக்கிறது. ஒரே சொல் பல வேலை பார்ப்பதுதான் தொல்லை. நான்கு பார் (தாளப் பகுதி) நீளமுள்ள மிடி (கணினி இசைக் குறிப்பு) டிரம் துண்டும் லூப். அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாட்டு முழுக்க ஓடவிடுவதும் லூப். இரண்டு குறிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவதும் லூப். பிணைந்த நகல் என்று வேறு ஒன்று: எட்டாவது பாரில் மட்டும் ஒரு ஃபில் (இடத்தை நிரப்பும் சிறு அடிக்கோவை) போடலாமே என்று ஸ்னேர் டிரம்மின் அடிகளை மாற்றினால், எல்லா நகலிலும் அதே ஃபில் வந்து உட்காரும். அந்தப் பிணைப்பை நீக்கும் கட்டளைக்கும் சொல் வேண்டும். லூப்புக்கு 'ஒலிவளையம்' சரிவருமா?

> 'ஒலிவளையம்' சரிவருமா?

வராது, ஐயா. மிடி லூப்பில் ஒலியே கிடையாது, எதை எப்போது தட்டுவது என்ற குறிப்புதான். டிரம்முக்கான 10ஆம் சேனலில் 36 என்ற எண் வந்தால் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 38 வந்தால் ஸ்னேர், 42 வந்தால் மூடிய ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு). எவ்வளவு ஓங்கி என்பதற்கு 127 வரை ஓர் எண். அவ்வளவுதான் சரக்கு. அதனால்தான் வேகத்தை நிமிடத்துக்கு 90 தட்டிலிருந்து 120க்கு ஏற்றினாலும் சிதையாமல் கூடவே ஓடுகிறது.

என் பரிந்துரை 'மடக்கு'. யமகத்துக்கு நம் அணியிலக்கணம் வைத்த பெயர் அது. வந்த எழுத்துத்தொடரே மீண்டும் வரும், பொருள் மட்டும் வேறாகும். டிரம்மும் அப்படித்தானே? அதே கிக்-ஸ்னேர் பல்லவியின் கீழே ஒரு மாதிரி, சரணத்தின் கீழே வேறு மாதிரி. மடங்கு, மடி, முடங்கு எல்லாமே வளைவுக் கருத்துடையவை. மண்டலத்தையும் இதில் சேர்ப்பவர்கள் உண்டு. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

> தனி மடலில் விரிவாக

வேண்டாம் ஐயா, தயவுசெய்து! 'மடக்கு' என்றால் எனக்கு ஒரு மடக்குக் காப்பிதான் ஞாபகம் வருகிறது. நான் பள்ளியில் இசைப்பதிவு சொல்லிக்கொடுக்கிறேன். யமகம் படித்துவிட்டுத்தான் என் பிள்ளைகள் டிரம் போடவேண்டுமா? 'சுற்று' போதும். 'சுற்றில் விடு', 'சுற்றெல்லை' எல்லாம் தானாக வந்துவிடும்.

> 'சுற்று' போதும்

சுற்று என்றால் கபடிப் போட்டிதான் நினைவுக்கு வரும். 'கண்ணி' இருக்கிறதே! கயிற்றில் போடும் சுருக்கும் கண்ணி, தாயுமானவரின் பராபரக்கண்ணியும் கண்ணி. ஒவ்வொன்றும் 'பராபரமே' என்று வந்து முடிகிறது. இதைவிட நல்ல லூப் உண்டா?

> இதைவிட நல்ல லூப் உண்டா?

'ஸ்னேர்' என்ற சொல்லுக்கே கண்ணி என்றொரு பொருள் உண்டு, அண்ணா. நாளை யாராவது அதையும் தமிழாக்கினால், 'கண்ணியில் கண்ணியை மாற்று' என்று மென்பொருளின் கட்டளைப் பட்டியில் தெரியும்.

மிருதங்கம் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று. லூப்புக்கு ஆவர்த்தம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) என்று எழுதச் சொல்லி எனக்குத் தனியே சிலர் எழுதினார்கள். ஆதி தாளத்து ஆவர்த்தம் என்றால் 8 அட்சரம், கூடாது, குறையாது. லூப்பை ஒன்றரை பாரிலும் வெட்டலாம். இரண்டும் ஒன்றல்ல. வடசொல் என்று அதை எதிர்ப்பவர்கள் 'தாள'த்தை என்ன செய்வதாக உத்தேசம்?

சரி, கோப்பை ஒப்படைக்க வேண்டியவன் நான். பெரும்பாலோர் 'சுற்று' பக்கம் சாய்ந்துவிட்டார்கள், களைப்பினால் என்றாலும். சுற்று, சுற்றில் விடு, சுற்றெல்லை, பிணைப்பை நீக்கு. இப்படியே ஏற்றுகிறேன். மிடி, கிக், ஸ்னேர், ஹை-ஹாட் அப்படியே இருக்கட்டும். ஃபில்லுக்கு 'நிரவல்' போட்டிருக்கிறேன்.

> இப்படியே ஏற்றுகிறேன்

'மடக்கு' சொன்னவன் என்ற முறையில் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஊர் சுற்றுகிறவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவான் என்று என்ன உறுதி? மடங்கினால்தான் மீளும்.

> ஃபில்லுக்கு 'நிரவல்'

ஐயோ, அது கூடாது! நிரவல் என்பது சாகித்திய வரியை வைத்துக்கொண்டு பாடகர் விரிப்பது. ஒரு பாரில் நாலு முறை டாம் டிரம்மைத் தட்டுவதற்கு அந்தப் பெயரா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரமிருக்கிறது, தனி இழை தொடங்குகிறேன்.