ஜூலு கிராமத்துப் பிள்ளைகளோடு மொழி தெரியாமல் பழகுவது எப்படி?

சேலம் பயணி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, டிராக்கென்ஸ்பெர்க் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் மூன்று நாள் இருக்கப் போகிறோம். மகளுக்கு 8 வயது. அங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ஜூலு மட்டும்தானாம். மிட்டாய், பேனா வாங்கிப் போகலாமா?

டர்பன்வாசி: மிட்டாய் வேண்டாம். பத்துப் பிள்ளைக்கு எட்டு மிட்டாய் என்றால் அழுகையில்தான் முடியும். பிறகு வருகிற வண்டியை எல்லாம் துரத்துவார்கள். பேனாவைப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் வணக்கம் பெரியவர்களுக்கு. ஒருவர் என்றால் ‘சாவுபோனா’, பலர் என்றால் ‘சானிபோனானி’. பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தால் பயம் என்று நினைத்துவிடாதீர்கள், அது மரியாதை. எதையும் இரு கையால் வாங்க மகளைப் பழக்குங்கள். படம் எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள்.

கல்லாட்டக்காரி: சொட்டாங்கல் ஆடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த நாட்டின் இன்னொரு மொழியான சோத்தோவில் ‘டிகேத்தோ’ என்கிற அதே குடும்பத்து ஆட்டம் அங்கே உண்டு. கையகலத்தில் ஆழமில்லாத குழி, அதில் சுமார் 10 சிறு கல், எறிய ஒரு கல். எறிகல்லை மேலே வீசி, அதே கையால் குழிக் கற்களை வெளியே வாரிவிட்டு, விழுமுன் பிடிக்க வேண்டும். மறுபடி வீசி, ஒன்றை மட்டும் வெளியே விட்டு மற்றதைக் குழிக்குள் தள்ள வேண்டும். குழி காலியானதும் அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக.

நம் பிள்ளைகள் தவறுவது இங்கேதான்: சொட்டாங்கல் பழக்கத்தில் வாரிய கல்லைக் கைக்குள் மூடிக்கொள்வார்கள். எறிகல் நழுவிவிடும், ஆட்டம் கைமாறும். கை வெறுமையாகத் திரும்ப வேண்டும். ஊருக்கு ஊர் விதி மாறும், அதனால் முதல் ஆட்டத்தை அவர்களுக்கே விடுங்கள்.

சேலம் பயணி: ‘நானும் ஆடலாமா’ என்று எப்படிக் கேட்பது?

டர்பன்வாசி: ‘ங்கிசெலா உகுட்லாலா’. அந்த ‘செ’ நம்முடைய ‘செ’ இல்லை; ‘அடப்பாவமே’ என்று உச்சுக்கொட்டும்போது பல்லுக்குப் பின்னால் நாக்கு எழுப்பும் ஒலி. ‘உச்சு’வும் ‘எ’யும் ஒட்டி வர வேண்டும். சரியாக வராவிட்டால் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள், மகள் திருப்பிச் சொல்லட்டும்.

ஆற்றில் குளிக்கக் கூப்பிட்டால் மட்டும் வீட்டுக்காரரைக் கேளுங்கள். டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில், முக்கியமாகத் தாழ்வான பகுதிகளில், தேங்கிய நன்னீரில் பில்ஹார்சியா புழு உண்டு. தோல் வழியாகவே உள்ளே போகும்.