ஊசுடு ஏரிக்கு எடை குறைந்த ஸ்கோப்: எதை வாங்கலாம்?

மஞ்சக்குப்பத்தான்:
வணக்கம். எனக்கு வயது 61. மார்கழி, தையில் வாரம் ஒருநாள் கடலூரிலிருந்து இருட்டோடு ஸ்கூட்டரில் கிளம்பி, பறவை பார்க்கப் புதுச்சேரி ஊசுடு ஏரிக்கு வந்துவிடுவேன். கையில் இருப்பது பழைய 10×50 பைனாகுலர், கிட்டத்தட்ட ஒரு கிலோ. அரை மணியில் பிடரி இழுக்கிறது, தூக்கிப் பிடித்தால் கை நடுங்குகிறது. போன வாரம் நடு ஏரியில் ஒரு கூட்டம். நாமக்கோழியின் வெள்ளை நெற்றி தெரிந்தது. பக்கத்தில் மிதந்தது ஊசிவால் வாத்துதானா என்று கடைசிவரை பிடிபடவில்லை. கடையில் 20-60×80 ஸ்பாட்டிங் ஸ்கோப் (20 முதல் 60 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன் லென்ஸ் 80 மி.மீ. அகலமுள்ள ஒற்றைக்கண் தொலைநோக்கி) வாங்கச் சொல்கிறார்கள். அதையும் ட்ரைபாடையும் சுமந்து இந்த வயதில் கரையில் நடக்க முடியுமா? மூக்குக்கண்ணாடி வேறு போடுகிறேன்.

வில்லியனூர் நாரை:
ஐயா, தயவுசெய்து 60 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள். நான் வாங்கி மூன்று வருடம் சுமந்தவன். ஸ்கோப் மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல், ஆடாத ட்ரைபாட் இன்னொரு இரண்டு கிலோ. சரி, சுமந்தாவது பலன் உண்டா? வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். 60இல் வைத்தால் கூழைக்கடாவே கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் கிடப்பதுபோல் தெரியும். 25க்கு இறக்கினால்தான் அலகு அலகாக நிற்கும்.

இன்னொன்று, லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு அதுதான். 8×32க்கு 4 மி.மீ.; 80 மி.மீ. ஸ்கோப்பை 60இல் வைத்தால் 1.3 மி.மீ.தான். விடிகாலை மங்கலில் அதில் நிறமே தெரியாது.

என் அண்ணன் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அங்கே அனுமதியோடு மான் வேட்டைக்குப் போகும் நண்பர்களுக்குக் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வான். துப்பாக்கி உதைக்கும்போது சுடுகிறவருக்குக் காட்சி தவறிவிடும், அதனால் பக்கத்தில் ஒருவர் பார்க்க வேண்டுமாம். அவனும் மடங்கைக் குறைத்துத்தான் வைப்பான், பரப்பு அதிகம் தெரிய வேண்டும் என்பதற்காக. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டைக்குத் தடை, நல்லதுதான். ஆனால் தூரத்தைப் பார்க்கிற கணக்கு ஒன்றே.

உங்களுக்கு என் யோசனை: கழுத்துக்கு அரைக் கிலோ எடையில் 8×32 பைனாகுலர். தோள்பைக்கு 50 மி.மீ. சிறிய ஸ்கோப். கரையில் உட்கார்ந்து பார்ப்பதால் குட்டையான ட்ரைபாட் போதும். கண்ணாடி போடுவதால் கண் தூரம் (முழுக் காட்சியும் தெரிய, பார்க்கும் பக்க லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கக்கூடிய இடைவெளி) 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லையென்றால் விளிம்பு கறுத்துத் தெரியும்.

லாஸ்பேட்டை அக்கா:
எதை வாங்கினாலும் உள்ளே நைட்ரஜன் நிரப்பியதாக வாங்குங்கள் சார். நம் கடற்கரை ஈரக்காற்று உள்ளே புகாமல் இருக்க அது அவசியம். என் முதல் பைனாகுலரை ஒரு மழைக்காலம் முழுக்கத் துணி பீரோவில் வைத்துவிட்டேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் லென்ஸுக்குள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. அழுதுவிட்டேன். இப்போது மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். அப்புறம், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். பாதி வாத்துகள் அதிலேயே அடையாளம் தெரிந்துவிடும்.

மஞ்சக்குப்பத்தான்:
இருவருக்கும் நன்றி. பெரிய ஸ்கோப் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். வில்லியனூர் தம்பி, வரும் ஞாயிறு உங்கள் சின்ன ஸ்கோப்பில் என் கண்ணாடியோடு ஒருமுறை பார்க்கலாமா? ஆறு மணிக்குக் கரையில் இருப்பேன்.