டிரான்ஸ்பிளான்ட்டுக்கு முன் கன்சாலிடேஷன்: உங்கள் வீட்டில் என்ன கொடுத்தார்கள்?

தண்டையார்பேட்டை அண்ணன்:
தம்பிக்கு ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய். ரெமிஷன் வந்துவிட்டது, அதாவது நோய் அடங்கிவிட்டது, ஆனால் டிரான்ஸ்பிளான்ட்டுக்கு என் ஸ்டெம் செல் பொருந்தவில்லை. வெளி டோனர் தேடும் வரை நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் கீமோ, அதாவது கன்சாலிடேஷன்: ஹை டோஸ் சைட்டராபின், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 3 கிராம் கணக்கு, 1, 3, 5-ஆம் நாட்களில் காலையும் இரவும். அது சிறுமூளையைத் தாக்கலாம் என்பதால் ஒவ்வொரு டோஸுக்கும் முன் நர்ஸ் நோட்டை நீட்டிப் பெயர் எழுதச் சொல்வார். கடைசி நாள் ராத்திரி அவன் எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. மூக்கைத் தொடச் சொன்னார், விரல் கன்னத்தில் போய் நின்றது. "தூக்கக் கலக்கம்ணா" என்றான். நர்ஸ் கேட்கவில்லை, மாட்டிய மருந்தை அப்படியே கழற்றினார். இனி ஹை டோஸே வேண்டாம், டோனர் கிடைத்ததும் நேராக டிரான்ஸ்பிளான்ட் என்றார் டாக்டர். அப்படியே முடிந்தது. கை சரியாகிவிட்டது. விட்டுப்போன மருந்தால் நோய் திரும்புமோ என்ற பயம்தான் போகவில்லை. யாருக்காவது இப்படி ஆனதா?

பெரம்பூர் அம்மா:
பயப்படாதே தம்பி. என் மகளுக்கு அந்தக் கன்சாலிடேஷன் சுற்றே கொடுக்கவில்லை. அவள் அண்ணன் முழுப் பொருத்தம், கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறியதும் டிரான்ஸ்பிளான்ட்டுக்கு உள்ளே அழைத்துக்கொண்டார்கள். டோனர் தயாராக இருந்தால் கூடுதல் சுற்றால் பலன் என்று ஆய்வுகளில் தெளிவாக வரவில்லையாம். பக்கத்து அறைப் பையனுக்குக் கன்சாலிடேஷனில் கவுண்ட் விழுந்து நுரையீரலில் பூஞ்சை. டிரான்ஸ்பிளான்ட் தள்ளிப்போனது. தேதி எழுதிய சீட்டை அவன் அம்மா மடித்து மடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னைக் கேட்டால் அது வேண்டாத மருந்து.

ராயபுரம்:
அம்மா, அப்படிப் பொதுவாகச் சொல்லாதீர்கள். டோனர் கிடைக்காதவர் மருந்தில்லாமல் காத்திருந்தால் நோய் பெரும்பாலும் திரும்பிவிடும். 1994-இல் வந்த அமெரிக்க ஆய்வில், 60 வயது வரை உள்ளவர்களில் சைட்டராபின் 3 கிராம் கணக்கில் வாங்கியவர்களில் 44 சதவீதம் பேர் 4 ஆண்டு கழித்தும் ரெமிஷனில் இருந்தார்கள். 100 மில்லிகிராம் வாங்கியவர்களில் 24 சதவீதம்தான். இப்போது பல இடங்களில் 1 முதல் 1.5 கிராமே போதும் என்கிறார்கள், அது வேறு. என் மனைவிக்கு பி-செல் ஏஎல்எல், இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய். எத்தனை கீமோ ஏறியும் எம்ஆர்டி, அதாவது நுணுக்கமான டெஸ்டில் மட்டும் தெரியும் மிச்ச நோய், போகவில்லை. அப்புறம் பிளினாடுமோமாப் என்ற இம்யூன் மருந்து, 28 நாள் பம்ப் நிற்காமல் ஓடும். முதல் ராத்திரி குளிர்க் காய்ச்சலில் கட்டிலே ஆடியது. அந்த நடுக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சுற்றில்தான் எம்ஆர்டி நெகட்டிவ் ஆனது.

கொளத்தூர்:
எங்கள் கதை சின்னது. அப்பாவுக்கு 60 தாண்டியதால் 1 கிராம் கொடுத்தார்கள், பாதிப் பொருத்தத்தில் நானே டோனர், நன்றாக இருக்கிறார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹை டோஸ் ஓடும்போது ஸ்டீராய்டு கண் சொட்டை ராத்திரியிலும் எழுப்பி விடுங்கள், மருந்து முடிந்த பிறகும் உடனே நிறுத்தாதீர்கள். 100.4 டிகிரி வந்தால் மாத்திரை போட்டு விடியும் வரை பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் நேரம் போய்விடும். கவுண்ட் ஏறும் வரை ஆஸ்பத்திரி பக்கமே அறை எடுங்கள். ரத்தமும் பிளேட்லெட்டும் கதிர்வீச்சு கொடுத்ததா என்று கேளுங்கள். கூடப்பிறந்தவர்கள், பெற்றோர் ரத்தம் கொடுக்க வேண்டாம், பிறகு அவர்களே டோனர் ஆனால் உடம்பு அந்தச் செல்லை எதிர்க்கலாம். நண்பர்களைக் கூப்பிடுங்கள். தண்டையார்பேட்டை அண்ணா, டிரான்ஸ்பிளான்ட்டுக்கு முன் எடுத்த எம்ஆர்டி என்ன வந்தது? விட்டுப்போன டோஸை விட அதைத்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.