ஆஸ்பத்திரி ஊழியர் நலத்திட்டம்: யோகாவைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

மதுரை_எச்ஆர்:
மதுரையில் 150 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் எச்.ஆர். வேலை எனக்கு. இந்த வருடம் ஊழியர் நலனுக்கென்று நிர்வாகம் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது, அதிசயம்தான். காலை 7 மணிக்கு யோகா, அப்புறம் தினமும் 10,000 ஸ்டெப் நடப்பவருக்குப் பரிசு என்று பேச்சு. நோட்டீஸைப் பார்த்த ஐ.சி.யூ. சிஸ்டர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. வார்டில் இருப்பவர்களுக்கு நிஜமாகவே என்ன தேவை? அதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

நைட்_டியூட்டி_சிஸ்டர்:
சார், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். 7 மணிக்கு நைட் முடித்தவர்கள் பேஷண்ட் விவரங்களைச் சொல்லி ஹேண்ட்ஓவர் கொடுத்துக்கொண்டிருப்போம், காலை ஷிஃப்ட்காரர்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் யோகாவுக்கு யார் வருவது, ஆபீஸ் ஆட்கள்தான். நடக்கவும் யாரும் சொல்லித்தர வேண்டாம், பரிசு கொடுப்பதென்றால் உட்காருவதற்குக் கொடுங்கள்.

ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காத சிஸ்டர்களை எனக்குத் தெரியும். பாத்ரூம் போனால் அந்தப் பத்து நிமிஷம் பேஷண்டைப் பார்க்க ஆள் இல்லை, அதனால் குடிப்பதே இல்லை, கடைசியில் யூரினரி இன்ஃபெக்‌ஷன் வந்து தாங்களே மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் கேண்டீன் ராத்திரி 10 மணிக்கு மூடிவிடும், விடியும்வரை டீயும் பிஸ்கட்டும்தான். பேஷண்டைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போனது தனிக்கதை. வார்டுக்கு ஒரு ஸ்லைடிங் ஷீட், அதாவது பேஷண்டைத் தூக்காமல் வழுக்கி நகர்த்தும் விரிப்பு, வாங்கிக் கொடுங்கள், அதுவே பாதி நலத்திட்டம்.

சமூக_மருத்துவர்:
யோகாவை நான் குறை சொல்லமாட்டேன், நேரம்தான் தப்பு. ஆனால் அதற்கு முன்னால் தடுப்பூசிப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்படி, கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், வேலையில் சேரும்போதும் வருடம் ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். இது சலுகை இல்லை, சட்டம். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். நிறையப் பேர் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு, பார்த்தால்தான் தடுப்பூசி பிடித்ததா என்று தெரியும், அது 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பேஷண்டுக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் கையில் குத்திவிட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ராத்திரி 2 மணிக்கு அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, யாரைக் கூப்பிடுவது என்று உங்கள் ஊழியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று, பி.பி., சுகர் ரிப்போர்ட் எச்.ஆர். மேஜைக்கு வரும் என்றால் அடுத்த வருடம் யாரும் கை நீட்டமாட்டார்கள்.

ஹவுஸ்கீப்பிங்_சூப்பர்வைசர்:
டாக்டர் சொன்ன பதிவேட்டில் கான்ட்ராக்ட் ஆட்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள் சார். குப்பைப் பையில் கிடக்கும் ஊசி எங்கள் அக்காக்களுக்குத்தான் குத்துகிறது. திட்டு விழும், வேலை போய்விடும் என்று பயந்து முந்தானையால் அழுத்திக்கொண்டு பெருக்கப் போய்விடுகிறார்கள். ஒருவர் இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடமே சொன்னார்.

கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள், அது படித்து முடித்தவர்களின் பதிலோடு நின்றுவிடும். பெயர் கேட்காமல், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல், ஷிஃப்ட் ஷிஃப்ட்டாக வாயால் கேளுங்கள். ஆமாம், என்னையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான்.

மதுரை_எச்ஆர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி 1 மணிக்கு வார்டுகளைச் சுற்றி வந்தேன், இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் முதல் தடவை. மூன்றாம் மாடியில் ஊழியர் பாத்ரூம் பூட்டிக் கிடக்கிறது, சாவி ஆபீஸில், ஆபீஸ் மாலை 6 மணிக்கு மூடிவிடும். பூட்டை இன்று காலை எடுக்கச் சொல்லிவிட்டேன், அதற்குப் பட்ஜெட் தேவைப்படவில்லை. தடுப்பூசிப் பதிவேட்டில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பக்கமே இல்லை. கேண்டீன்காரர் ராத்திரி 20 சாப்பாடாவது உறுதி சொன்னால் கடை திறக்கிறேன் என்கிறார். உங்கள் ஆஸ்பத்திரியில் யாராவது இப்படி ஏற்பாடு செய்திருந்தால், அந்த 20-க்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள்.