கான்சாஸ் லாரன்ஸ்: 12 வருசத்துல பல்கலைக்கழகம் எப்படி வந்துச்சு?

கீழ்பவானி:
வணக்கமுங்க. நம்ம கோயமுத்தூர்ல மில்லும் சந்தையும் முந்தி, பெரிய காலேஜெல்லாம் பிந்தி. அமெரிக்காவுல லாரன்ஸ் அப்படி இல்லை போலிருக்கு. 1854ல வெறும் புல்வெளியில கூடாரம் போட்டாங்க, 1866ல பல்கலைக்கழகத்துல வகுப்பு ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுல ஊரே ஒரு தடவை எரிஞ்சிருக்கு. நிலமும் பணமும் எங்கிருந்து வந்துச்சுங்க? மாநிலங்களுக்குக் கல்லூரி வைக்க நிலம் கொடுத்த 1862 மாரில் சட்டத்துல கிடைச்ச நிலம்தான் காரணமா? வாசகர் வட்டத்துல பேசணும், கணக்கு சரியா இருக்கணும்.

நொய்யல்கரை:
மாரில் சட்டம் இல்லீங்க, இதுல நிறையப் பேர் தடுக்கி விழுவாங்க. அந்தச் சட்டப்படி ஒரு செனட்டர் அல்லது பிரதிநிதிக்கு 30,000 ஏக்கர். கான்சாஸுக்கு அப்ப ரெண்டு செனட்டர், ஒரு பிரதிநிதி, ஆக 90,000 ஏக்கர். அந்த நிலத்தை வெச்சு வந்த வேளாண் கல்லூரி கான்சாஸ்லயே இருக்கற மன்ஹாட்டன் ஊருக்குப் போச்சு. லாரன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வழி வேற. கான்சாஸ் 1861ல மாநிலமானப்போ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குன்னே 72 செக்‌ஷன் நிலம் ஒதுக்கினாங்க. ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், பெருக்கினா 46,080.

ஆனா ஒதுக்கின நிலம் உடனே காசாகாது. அதனால 1863ல சட்டமன்றம் ஊர்களுக்குள்ள போட்டி வெச்சுது. லாரன்ஸா, எம்போரியாவாங்கறதுல லாரன்ஸ் ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சுது. அதுவும் நிபந்தனையோட: ஊர்க்காரங்க 40 ஏக்கர் இடமும் 15,000 டாலர் மூலதனமும் கட்டணும், இல்லாட்டி எம்போரியாவுக்குப் போயிரும். இடம், மாநிலத்தோட முதல் ஆளுநரா இருந்த சார்லஸ் ராபின்சன் தம்பதி மூலமா வந்துச்சு. பணத்துல 10,000 டாலர், ஊருக்குப் பேர் தந்த பாஸ்டன் வியாபாரி ஆமஸ் லாரன்ஸ் முன்னமே ஒரு கல்லூரிக்குன்னு வெச்சிருந்தது. மிச்சம் 5,000த்தை ஊர்க்காரங்க திரட்டினாங்க. நம்ம பக்கம் பி.எஸ்.ஜி. குடும்பத்துல சொத்தை அஞ்சு பாகமாப் பிரிச்சு அஞ்சாவது பாகத்தை 1926ல அறக்கட்டளைக்கு விட்டாங்களே, அந்த மாதிரி ஒரு குடும்பத்துப் பணம் முன்ன நின்னு அரசாங்கம் பின்னால வந்த கதைதான் இங்கயும்.

இதுல தேதியைக் கவனிங்க. பணம் கட்டவேண்டிய அதே வருசம் ஆகஸ்ட் 21 விடியக்காலையில, உள்நாட்டுப் போர்ல அடிமைமுறைத் தரப்புக்காகச் சண்டை போட்ட குவாண்ட்ரில் கும்பல், நானூறு பேருக்கு மேல, மிசூரியிலிருந்து குதிரையில வந்து ஊருக்குள்ள புகுந்துச்சு. நாலு மணி நேரத்துல ஆண்களும் பையன்களுமா 150க்கு மேல கொன்னாங்க, கடைவீதியை எரிச்சாங்க. ஊர்க்காரங்க துப்பாக்கி கையில இல்லை, கிடங்குல பூட்டி இருந்துச்சு. அப்படி வைக்கச் சொன்ன மேயர் காலமோர் வீட்டுக் கிணத்துக்குள்ள ஒளிஞ்சு, மூச்சு முட்டி உள்ளயே செத்தார். நவம்பர்ல ஆளுநர் நிபந்தனை நிறைவேறிருச்சுன்னு அறிவிச்சார். எரிஞ்ச ஊர் ரெண்டரை மாசத்துக்குள்ள தவணை தப்பாம நின்னுருக்கு. உங்க பேச்சுல இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க.

1866 செப்டம்பர்ல 55 மாணவர், 3 ஆசிரியரோட வகுப்பு. முதல் நாள்லயே பெண்களும் உண்டு. கூடைப்பந்து கண்டுபிடிச்ச நெய்ஸ்மித் 1898லதான் இங்க வந்தார், அதை ஊர்ப் பிறப்போட முடிச்சுப் போடாதீங்க.

காலிங்கராயன்:
ஆரம்பத்தைப் பத்திக் கொஞ்சம். 1854 மே மாசச் சட்டம் கான்சாஸ்ல அடிமைமுறை வேணுமா வேண்டாமான்னு குடியேறினவங்களே முடிவு பண்ணலாம்னு விட்டுருச்சு. அதனாலதான் நியூ இங்கிலாந்துல ஒரு குடியேற்றக் கம்பெனி ஆள் திரட்டுச்சு. ஆகஸ்ட் 1ல வந்த முதல் அணி 29 பேர். கம்பெனி சும்மா அனுப்பலைங்க, கூட்டமாப் போனா டிக்கெட் குறையும், அவ்வளவுதான். மரம் அறுக்கற மில் ஓடற வரைக்கும் பலகைக்கு வழியில்லை. ரெண்டு வரிசை கம்பு நட்டு, நுனியைச் சேர்த்துக் கட்டி, புல்வெளிப் புல்லை வேய்ஞ்சாங்க. நம்ம தோட்டத்துச் சாளையை நினைச்சுக்கோங்க, சுவர் இல்லாம கூரை மட்டும் மண்ணைத் தொட்டு நிக்குது.

நிலச் சண்டைக்குக் காரணம், அளவைக்கு முன்னாலயே ஆள் இறங்கினது. முளை அடிச்சு 160 ஏக்கர் என்னுதுன்னு சொல்லி, ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி எழுதி வாங்கிக்கலாம். அப்புறம் அளவைக்காரங்க நேர்கோடா 6 மைல் சதுரம் போட்டு, அதை 36 செக்‌ஷனா வெட்டினப்போ ஒருத்தர் முளை இன்னொருத்தர் கட்டத்துல விழுந்துச்சு. நம்மூர்ல ஓடையும் வரப்பும் எல்லை, புல எண் கோணல் மாணலா இருக்கும். அங்க வரப்பு கோட்டுக்கு வளைஞ்சு கொடுக்கணும். பழைய பத்திரம் தேடறவங்க கோட்டு எண்ணைத்தான் பார்க்கணும், சர்வே நம்பர் மாதிரி. லாரன்ஸ்ல வரிசை 12 அல்லது 13 தெற்கு, கட்டம் 20 கிழக்குன்னு வரும். 12ங்கறது மாநிலத்து வடக்கு எல்லையிலிருந்து ஆறு ஆறு மைலா எண்ணின கணக்கு.

கீழ்பவானி:
ரொம்ப நன்றிங்க. மாநிலச் சிறைச்சாலையும் பல்கலைக்கழகம் மாதிரி ஊர்களுக்குள்ள பங்கு போட்டதுதானா?

நொய்யல்கரை:
ஆமாங்க. தலைநகரம் டோப்பிக்காவுக்கு, மாநிலச் சிறை லெவன்வொர்த் பக்கம், ஆசிரியர் பள்ளி தோத்துப்போன எம்போரியாவுக்கு. அந்தக் காலத்துல சிறையும் ஊருக்கு வருமானம்தான், அதுக்கும் போட்டி இருந்துச்சு.

ஆழியாறு:
ஒண்ணு மட்டும் திருத்திக்கோங்க, "வெறும் புல்வெளி"ன்னு சொல்லாதீங்க. மாநிலத்துப் பேரே கான்சா மக்களோடது. 1825ல அவங்க கிட்ட நிலத்தை வாங்கி, கிழக்கிலிருந்து நகர்த்தின ஷானி மக்களுக்கு கான்சாஸ் ஆத்துக்குத் தெக்கால 16 லட்சம் ஏக்கர் கொடுத்தாங்க. 1854 மே 10 ஒப்பந்தத்துல அது 2 லட்சமாச் சுருங்குச்சு, தலைக்கு 200 ஏக்கர்ங்கற கணக்குல. அந்த ஒப்பந்தத்துக்கும் முதல் அணி வந்ததுக்கும் நடுவுல மூணு மாசம்கூட இல்லை.

ஊர்ல இன்னொரு கல்லூரியும் இருக்குது. 1884ல 22 பழங்குடிக் குழந்தைகளோட ஆரம்பிச்ச அரசு உறைவிடப் பள்ளி, தாய்மொழி பேசக்கூடாது, முடியை வெட்டணும்னு நடத்தினாங்க. 1993 முதல் அது ஹாஸ்கெல் இந்தியன் நேஷன்ஸ் பல்கலைக்கழகம். வளாகத்துக்குள்ளயே அந்தப் பிள்ளைகளோட கல்லறை இருக்குது, நூத்துக்கு மேல வெள்ளைக் கற்கள்.